நெடுவாலன் காத்திருந்த இரண்டு மிதி

மழை நின்று பத்து நாள்கூட ஆகாத ஒரு காட்டில், ஓடைக்கரையில் ஓர் இலவ மரம் ஓங்கி நின்றது. அதன் உச்சியில், கிளை பிரியும் கவட்டில் நெடுவாலன் என்ற கருமுகக் குரங்கு உட்கார்ந்திருக்கும். மரத்தைச் சுற்றிப் பரந்த புல்வெளி. அங்கே புள்ளிமான் கூட்டம் ஒன்று மேயும்.

குரங்குக்குக் கண் கூர்மை. மானுக்குக் கால் விரைவு. இரண்டையும் சேர்த்து அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

ஆபத்தைக் கண்டால் நெடுவாலன் “கக்! கக்!” என்று குரல் கொடுக்கும். உடனே மான்கள் முன்னங்காலால் தரையை இரண்டு முறை மிதிக்கும். தொப், தொப். ‘கேட்டது’ என்று அதற்குப் பொருள். மிதித்த பிறகு ஓடையைத் தாண்டி அக்கரைப் புதருக்குள் போய் நின்றுகொள்ளும். ஆபத்து விலகும்வரை நெடுவாலன் கவட்டை விட்டு அசையாது. அது மரத்தைவிட்டு இறங்கினால், இனிப் பயமில்லை என்று மான்கள் திரும்பி வரும்.

அவ்வளவு உயரத்திலிருந்து வேறு எதுவும் பேச முடியாது. ஓடையின் இரைச்சல் சொற்களையெல்லாம் விழுங்கிவிடும். ஆனால் மான்கள் மிதிக்கும் அதிர்வு மண்ணுக்குள் போய், வேரைப் பிடித்து, மரத்தில் ஏறி, கவட்டோடு ஒட்டிக் கிடக்கும் நெடுவாலனின் வாலுக்கு வந்து சேரும்.

அந்தக் கூட்டத்தில் மருதி என்றொரு பெண்மான் இருந்தது. போன கோடையில் பாறை இடுக்கில் சிக்கி, அதன் பின்னங்கால் ஒன்று ஊனமாகிவிட்டது. மற்ற மான்கள் மூன்று தாவலில் கடக்கும் தூரத்தை மருதி ஏழு தாவலில் கடக்கும். எல்லோருக்கும் முன்னால் ஓடத் தொடங்கினால்தான் அதற்கு உயிர் மிஞ்சும்.

மருதியின் மிதியும் தனியாகத் தெரியும். ஒன்று கனம், அடுத்தது லேசு. தொப்... தப். அந்தத் ‘தப்’ வாலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நெடுவாலன் மூச்சு விடும்.

அந்த ஆண்டு நல்ல மழை. புல் மான்களின் முதுகை மறைத்து வளர்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புல் அசைவது தெரியும். அசைப்பது மானா காற்றா என்பது தெரியாது. ஓடையைக்கூடப் புதர்கள் கவிந்து மூடியிருந்தன.

இவற்றையெல்லாம் ஒரு நரி கவனித்துக்கொண்டே இருந்தது. சிறுத்தை தின்று மீதம் வைப்பதைத் தின்று பிழைக்கும் நரி அது. புல் வளர்ந்ததில் சிறுத்தைக்கு மகிழ்ச்சிதான். ஆனால் புல்லுக்குள் பதுங்கும் முன்பே அந்தக் குரங்கு பார்த்துவிடுகிறது. சிறுத்தை பட்டினி. ஆகவே நரியும் பட்டினி.

ஒருநாள் நரி மான்களின் தலைவனிடம் போயிற்று. தலைவனின் பெயர் கிளைக்கொம்பன். அதற்குத் தன் கொம்பின்மேல் அளவு கடந்த பெருமை.

“தலைவரே, ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளக் கூடாது” என்றது நரி, எட்டவே நின்றுகொண்டு.

“கேள்.”

“உங்கள் கொம்பில் எத்தனை கிளை?”

“ஆறு” என்று கிளைக்கொம்பன் தலையை நிமிர்த்தியது.

“ஆறு கிளை! இந்தக் காட்டில் வேறு யாருக்கு உண்டு? அப்படிப்பட்டவர், உட்கார்ந்த இடத்தில் இலை மெல்லுகிற ஒரு குரங்கு கத்தியதும் காலால் தரையை மிதித்து ‘உத்தரவு, எசமான்’ என்கிறீர்களே! அடுத்த காட்டு நரிகள்கூடச் சிரிக்கின்றன.”

“உத்தரவு என்று யார் சொன்னது? கேட்டது என்றுதான் சொல்கிறோம்.”

“கேட்டது உங்கள் காதுக்குத் தெரிகிறது. ஓட உங்கள் காலுக்குத் தெரிகிறது. நடுவில் குரங்குக்கு எதற்கு ஒரு கும்பிடு?”

கிளைக்கொம்பன் யோசித்தது. யோசிக்க யோசிக்கக் கொம்பு கனத்தது.

அன்று மாலையே அது கூட்டத்தைக் கூட்டியது. “நாளைமுதல் யாரும் மிதிக்கக் கூடாது. குரல் கேட்டால் ஓடுங்கள். அது போதும்.”

“அண்ணா, நெடுவாலனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே?” என்றது மருதி.

“சொல்ல என்ன இருக்கிறது? தானாகவே புரிந்துகொள்ளும்.”

மருதி நிமிர்ந்து மரத்தைப் பார்த்தது. இலைகள்தான் தெரிந்தன. ‘தலைவரே வேண்டாம் என்ற பிறகு நான் எப்படிச் சொல்வது?’ என்று நினைத்து, மீண்டும் புல்லில் வாயை வைத்தது.

மறுநாள் காலை செந்நாய்கள் மூன்று தூரத்து மேட்டில் தெரிந்தன. நெடுவாலன் குரல் கொடுத்தது.

“கக்! கக்!”

வாலைக் கவட்டோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை.

“கக்! கக்! கக்!”

மரம் மரமாகவே நின்றது. கீழே புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றா, மான்களா?

நல்லவேளையாகச் செந்நாய்கள் வேறு பக்கம் போய்விட்டன. நெடுவாலன் இறங்கியது. மான்கள் அக்கரையிலிருந்து வரிசையாகத் திரும்பி வந்தன. ‘குரல் கேட்டதா? கேட்டதென்றால் ஏன் மிதிக்கவில்லை?’ என்று கேட்க நெடுவாலன் வாயைத் திறந்தது. கிளைக்கொம்பன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. மருதி தலையைக் குனிந்துகொண்டது. நெடுவாலன் வாயை மூடிக்கொண்டு மறுபடி மரமேறியது.

மேலே உட்கார்ந்ததும் யோசனை தொடங்கியது. ‘என் குரல் போய்விட்டதா? குரல் சரிதான், காற்று எதிர்ப்பக்கம் அடித்ததா? கேட்காமலே தற்செயலாக அக்கரை போனார்களா? அல்லது என்மேல் கோபமா? முந்தாநாள் நான் உதிர்த்த கிளை கிளைக்கொம்பனின் முதுகில் விழுந்ததே, அதற்காகவா?’

ஒரு கேள்விக்கு நான்கு பதில்கள். நான்கும் அதன் தலைக்குள்ளேயே பிறந்தவை.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் நரி மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது.

“என்னப்பா நெடுவாலா, தொண்டை சரியில்லையா?”

நெடுவாலன் விறுவிறுவென்று தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது. “ஏன் கேட்கிறாய்?”

“மான்கள் பேசிக்கொண்டன. நான் சொன்னதாக வேண்டாம். நீ கத்துகிறாயா கொட்டாவி விடுகிறாயா என்றே விளங்கவில்லையாம்.”

“மருதியுமா அப்படிச் சொன்னது?”

“முதலில் சொன்னதே அதுதான்.”

நரி அங்கிருந்து நேரே மான்களிடம் போயிற்று. “குரங்குக்கு வந்த ஆணவத்தைப் பாருங்கள்! ஒரு முறை கத்தினால் போதாதா? நாலு முறை, அஞ்சு முறை கத்துகிறது. உங்களைத் திரும்பவும் மிதிக்க வைக்காமல் விடமாட்டேன் என்கிறது.”

“பார்த்தாயா, மருதி?” என்றது கிளைக்கொம்பன்.

“நெடுவாலனா அப்படிச் சொன்னது?” என்றது மருதி. அதற்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அது மேலே பார்த்தது. அதே நேரத்தில் நெடுவாலன் கீழே பார்த்தது. நடுவில் இலைகள் இருந்தன.

நெடுவாலன் அன்று முழுக்கக் கடுக்காய் மென்றது. தொண்டைக்கு நல்லது என்று அதற்கு யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். துவர்ப்பில் அதன் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

பக்கத்துக் கிளையில் ஓர் அணில் நின்று பார்த்தது. “மாமா, அழுகிறாயா, சிரிக்கிறாயா?”

“எனக்கே தெரியவில்லை, போ!” என்றது நெடுவாலன்.

ஐந்தாம் நாள் உச்சிவெயில் நேரத்தில் கரும்பாறைமேல் ஏதோ மஞ்சளாக அசைந்தது. சிறுத்தை! பாறையிலிருந்து வழுக்கினாற்போல் இறங்கிப் புல்லுக்குள் மறைந்துவிட்டது.

“கக்! கக்!”

கடுக்காய் மென்ற தொண்டை. குரல் கணீரென்று எழுந்தது. மான்கள் அத்தனைக்கும் கேட்டது. சத்தம் காட்டாமல் ஓடையைத் தாண்டி அக்கரைப் புதருக்குள் போய்விட்டன. மருதியும் போய்விட்டது.

குழந்தைகளே, அது நமக்குத் தெரியும். நெடுவாலனுக்குத் தெரியாது.

அது வாலை அழுத்திக் காத்திருந்தது. மிதி இல்லை.

“கக்! கக்! கக்!”

மிதி இல்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. கீழே புல் ஓரிடத்தில் சலசலத்தது. அங்கேதான் மருதி மேய்கிறதா? ஒன்றும் அறியாமல் நிற்கிறதா? இன்னும் பத்து மூச்சுக்குள் ஓடத் தொடங்காவிட்டால் அதன் கதை முடிந்தது.

‘என் குரல் எட்டவில்லை. கிட்டே போய்ச் சொன்னால்தான் உண்டு’ என்று நெடுவாலன் முடிவு செய்தது. கிளைக்குக் கிளை தாவி, அடிமரத்தில் சறுக்கி, புல்லுக்குள் குதித்தது. ஆபத்து உள்ளபோது அது மரத்தைவிட்டு இறங்கியது அன்றுதான் முதல் முறை. மருதியைக் காப்பாற்றத்தான் இறங்கியது.

அக்கரைப் புதருக்குள் கிளைக்கொம்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தது. “குரங்கு இறங்கிவிட்டது. வாருங்கள், போகலாம்.”

“இவ்வளவு சீக்கிரமா? கத்தி முடித்து மூச்சுக்கூட விடவில்லையே!” என்றது மருதி.

“இறங்கினால் பயமில்லை. நம் வழக்கம் மறந்துபோயிற்றா?”

“அந்த வழக்கத்தில் பாதியை நாம்தானே விட்டுவிட்டோம், அண்ணா?”

கிளைக்கொம்பன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஓடையில் கால் வைத்தது. மற்றவை பின்னாலேயே இறங்கின. கடைசியாக மருதி.

புல்லுக்குள் நெடுவாலன் நாலு காலில் தட்டுத்தடுமாறி ஓடியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்தாள்கள்தான். மேலே இருந்தபோது எல்லாம் தெரிந்தது, சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லலாம், ஒன்றும் தெரியவில்லை.

“மருதி! மருதி!” என்று அடிக்குரலில் கூப்பிட்டது.

எதிரே புல் விலகியது. நெடுவாலனுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் எட்டிப் பார்த்தது ஆறு கிளைக் கொம்பு.

“இன்னும் ஓடவில்லையா நீங்கள்?” என்றது நெடுவாலன்.

“ஓடியாயிற்று, திரும்பியும் வந்தாயிற்று.”

“திரும்பி வரச் சொன்னது யார்?”

“நீதான்.”

“நானா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

“மரத்தைவிட்டு இறங்கினாயே!”

“உங்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் இறங்கினேன்!”

“கேட்டதே!”

“கேட்டதென்று எனக்கு யார் சொன்னது?”

கிளைக்கொம்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் பக்கத்துப் புல்லிலிருந்து சிறுத்தை பாய்ந்தது.

கிளைக்கொம்பன் துள்ளித் திரும்பியது. கழுத்துக்கு வந்த நகம் தொடையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மான்கள் பதறிச் சிதறின. ஒன்று வடக்கே ஓடியது. ஒன்று வட்டமடித்தது. ஒன்று ஓட மறந்து நின்றது. அந்தப் புல்லுக்குள் சிறுத்தை எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நெடுவாலன் கைக்குக் கிடைத்த நாவல் மரத்தில் தாவி ஏறியது. தாழ்ந்த மரம்தான். ஆனாலும் அங்கிருந்து சிறுத்தையின் முதுகு தெரிந்தது. புல்வெளிக்கும் ஓடைக்கும் நடுவில், தரையோடு தரையாகப் பதுங்கி, அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராக இருந்தது. தெரிந்தது சிறுத்தை மட்டும்தான். மருதி எங்கே?

“கக்! கக்!”

வாலை நாவல் மரத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தது. ஐந்து நாளாக இப்படித்தான் காத்திருக்கிறது. ஐந்து நாளும் வராதது இன்றைக்கு வருமா?

தொப்... தப்.

வால் சிலிர்த்தது. இடது பக்கத்திலிருந்து வந்தது. மருதிதான்! மிதிக்கக் கூடாது என்ற கட்டளையை அது அந்த நேரத்தில் மறந்துவிட்டதா, மீறிவிட்டதா என்பது மருதிக்கே தெரியாது. சிறுத்தைக்கும் அதற்கும் நடுவில் பத்தடிப் புல் இருந்தது.

“மருதி! சிறுத்தை ஓடைப் பக்கம் இருக்கிறது! பாறைப் பக்கம் ஓடு!”

தொப்... தப். புல்லைக் கீறிக்கொண்டு ஒரு கோடு பாறையை நோக்கிப் போயிற்று. ஏழு தாவல், பதினான்கு தாவல்.

மருதியின் மிதியைக் கேட்ட மற்ற மான்களும் மிதித்தன. வலப்புறம் தொப், தொப். பின்னால் தொப், தொப். யார் எங்கே இருக்கிறார்கள் என்று நெடுவாலனின் வால் கண்டுகொண்டது. அது ஒவ்வொருவருக்கும் வழி சொன்னது. ஒவ்வொருவரும் கேட்டது என்று மிதித்துவிட்டு ஓடினார்கள். கடைசியாக, தொடையில் இரத்தம் வடிய, கிளைக்கொம்பனும் மிதித்தது.

நாலாபுறமும் தரை அதிர்ந்தது. இனிப் பதுங்கிப் பயனில்லை என்று சிறுத்தை எழுந்து ஓடையை நோக்கி நடந்தது.

ஓடைக்கரைப் புதரில் நரி காத்திருந்தது. மீதம் கிடைக்கும் என்று வந்த நரி. புல் அசைவதைப் பார்த்ததும் அது கத்தியது.

“நெடுவாலா! சிறுத்தை எந்தப் பக்கம் வருகிறது?”

“ஓடைப் பக்கம்! நீயும் பாறைப் பக்கம் ஓடிவிடு!” என்றது நெடுவாலன். உள்ளதைத்தான் சொன்னது.

‘பாறைப் பக்கமாமே! நானாக இருந்தால் மாற்றித்தான் சொல்லியிருப்பேன்’ என்று நினைத்தது நரி. ஓடைக்கரையோடு ஓட்டம் பிடித்து, நேரே சிறுத்தையின் முன்னால் போய் நின்றது.

அன்று சிறுத்தை மீதம் எதுவும் வைக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு மான்கள் பாறையடியில் ஒன்றுகூடின. எண்ணிக்கை குறையவில்லை. நெடுவாலன் மருதிக்கு எதிரே போய் உட்கார்ந்தது. ஒரு புல்லைக் கிள்ளியது. பிறகு கேட்டது:

“என் குரல் கொட்டாவி மாதிரி இருக்கிறது என்றாயாமே?”

“நானா? நீதான் எங்களை மிதிக்க வைக்காமல் விடமாட்டேன் என்றாயாமே?”

“யார் சொன்னது?”

“நரி.”

“எனக்கும் நரிதான் சொன்னது.”

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“ஏன் மிதிக்கவில்லை என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அண்ணா? ஒவ்வொரு நாளும் கேட்காமலே மரமேறிவிட்டாயே!” என்றது மருதி.

“மிதிக்கப் போவதில்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”



காயத்தை நக்கிக்கொண்டிருந்த கிளைக்கொம்பன் மெல்ல எழுந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை. இருந்தாலும் முன்னங்காலால் இரண்டு முறை மிதித்தது. இரண்டாவது மிதியில் வலி தாளாமல் முகம் சுளித்தது.

நெடுவாலன் தலையைச் சொறிந்தது. அதற்கு ஒரு புதுச் சந்தேகம் வந்துவிட்டது. “மருதி, நீங்கள் மிதித்தது எனக்குக் கேட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு கொத்து இலை போடட்டுமா?”

“போடேன்.”

“இலை விழுந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“அதற்குள் சிறுத்தை எங்களைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும்!” என்றது மருதி. “நீ ஒரு குரல் கொடு. நாங்கள் இரண்டு மிதி மிதிக்கிறோம். அதற்கு மேல் போனால் விடியாது, அண்ணா.”

மறுநாள் காலை மேட்டில் செந்நாய்கள் தெரிந்தன. நெடுவாலன் குரல் கொடுத்தது. மான்கள் மிதித்தன. நெடுவாலன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தது. ஒன்று குறைந்தது. புல் அசைந்தது. காற்றா?

தொப்... தப்.

நெடுவாலன் மூச்சு விட்டது.

நீதி: சொல்லிவிட்டோம் என்பது பாதி, கேட்டுவிட்டார்கள் என்று அறிவது மீதி.